பிசிர் விழும்வரை

இன்னும் விழவில்லை. கட்டைவிரல் நுனியை உளியின் முதுகில் வைத்து அதன் கூர்வாய்க்கு வெளியே தள்ளும்போது, தள்ளத்தான் வேண்டும், வாயோடு ஓட்டக் கூடாது, ஓட்டினால் விரல் போய்விடும், அங்கே ஒரு பிசிர் தட்டுப்படுகிறது, சட்டை விளிம்பில் நூல் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். கல்லில் தேய்க்கத் தேய்க்க இரும்பு மெலிந்து, இனி மெலிய இடமில்லை என்று மறுபக்கம் மடிந்துகொள்வதுதான் பிசிர். அது வந்தால்தான் தேய்த்தது போதும் என்று அர்த்தம். வந்தது போகவும் வேண்டும். அதற்குத்தான் இந்தத் தோல்வார், பலகையில் ஒட்டி, பச்சை பாலிஷ் கட்டியைப் பூசி வைத்திருக்கிறேன். இதில் உளியைப் பின்னோக்கி மட்டும் இழுக்க வேண்டும். முன்னோக்கித் தள்ளினால் தோல் கிழியும். ஒரு கிழிசல் ஏற்கெனவே இருக்கிறது, ஆரம்பத்தில் செய்தது, ஒவ்வொரு தடவையும் உளி அதில் லேசாக இடறுகிறது. இழுத்தால் பிசிர் இந்தப் பக்கம் மடியும், திருப்பி இழுத்தால் அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம், எந்தப் பக்கமும் நிலைக்காமல் ஆடி ஆடி ஒரு கட்டத்தில் களைத்து விழுந்துவிடும் என்று வீடியோவில் தீட்டக் கற்றுத்தருகிற தாடிக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அவர் சொல்வதை ஆங்கிலத்தில் கேட்டு, கை ஆங்கிலத்தில் செய்து, தப்பாகும்போது மட்டும் தமிழில் திட்டிக்கொள்கிறேன். நகம்போல வளைந்த வாய் உள்ள இந்த உளிதான் கஷ்டம். தட்டை உளி என்றால் ஒரே சாய்வில் வைத்து இழுத்துவிடலாம். இதை இழுக்கும்போதே மணிக்கட்டைச் சுழற்ற வேண்டும், ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, நடுவில் நிற்காமல், கடைசியில் கைப்பிடியைத் தூக்கிவிடாமல். தூக்கினால் வாய் உருண்டுவிடும், திரும்பக் கல்லுக்குப் போக வேண்டும். நான் தூக்கிவிடுகிறேன். முடிகிற நேரத்தில் கை தானாக அவசரப்படுகிறது. சாய்வில் மார்க்கர் மை பூசித் தேய்த்துப் பார்த்தால் எங்கே பட்டது, எங்கே படவில்லை என்று தெரியும். மை எப்போதும் நடுவில் மிச்சமிருக்கிறது. கனடாவில், மிசிசாகாவில், கடைசிக் குளிர்காலத்தில் வாங்கிய உளிகள். ஊருக்குப் போனால் நேரம் இருக்கும், அப்பா தூங்குகிறபோது எதையாவது செதுக்கலாம் என்று. மார்கழியில் வந்தேன், இதோ ஆனி. ஒரு சிராய்கூடச் செதுக்கவில்லை. தீட்டுகிறேன். கூர் வந்ததா என்று இடது முன்கை மயிரில் வைத்துப் பார்க்கிறேன், அந்த இடம் இப்போது உள்ளங்கை அகலத்துக்கு மழமழவென்று கிடக்கிறது. அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்கிற மரகதம் அதைப் படை என்று நினைத்து, குப்பைமேனி அரைத்துப் போடுங்க தம்பி, கூச்சப்படாதீங்க என்றாள். உண்மையைச் சொன்னதும், அப்ப அந்தக் கையும் காலும் எப்பச் செரைக்கறதுங்க தம்பி என்றாள். இன்று தொடங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். கதவுக்கு அண்டை கொடுத்திருந்த குமிழ மரத்துண்டை எடுத்து மடியில் வைத்து, ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தேன். ஒரு கரண்டி, முதல் வேலைக்குக் கரண்டிதான் என்கிறார்கள். பென்சிலால் கோடுகூடப் போட்டுவிட்டேன். இந்த உளி மட்டும் இன்னும் கொஞ்சம், இன்னும் நாலு இழுப்பு, என்று இழுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் கதவு சாத்துகிற சத்தம், பிறகு தாழ்ப்பாள். மேலே ஏறி, பக்கவாட்டில் திரும்பி, அழுத்தமாக உட்கார்ந்தது.

கொசு. வெயில் சாய்ந்ததும் ஜன்னல் கதவெல்லாம் சாத்திவிட வேண்டும், அப்பாவுக்கு எது மறந்தாலும் இது மறக்காது. மரத்துண்டு இருந்தால் சாத்த முடிந்திருக்காது, குனிந்து எடுக்க அவருக்கு முதுகு வளையாது. துண்டு என் மடியில் இருக்கிறது. வேடிக்கைதான், இத்தனை நாள் சும்மா கிடந்து கதவைக் காத்த கட்டையைக் கையில் எடுத்த அன்றைக்கு. சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவவும் துணி காயப்போடவும் இருக்கிற பால்கனி இது, நாலாவது மாடி, கம்பி அடைத்தது, எதிரே மூடிப்போன மில்லின் கிடங்குக் கூரை, ஆள் நடமாட்டம் கிடையாது. போன் உள்ளே ஹாலில் சார்ஜில் கிடக்கிறது. கூப்பிட வேண்டும். அப்பா என்று ஒரு சத்தம் போட்டால் முடிந்தது. போடவில்லை. தோல்வாரில் இன்னொரு தடவை இழுத்தேன், இடறியது, இழுத்தேன். கூப்பிட்டால் யாரது என்று கேட்பார். அதனால்தான். அவர் கதவைச் சாத்தும்போது நான் இங்கே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். பார்த்திருப்பாரா, பார்த்தும் சாத்தினாரா, யாரோ ஒருத்தர் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று சாத்தினாரா. போன வாரம் இட்லி சாப்பிடும்போது சட்டினிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, நீங்க எப்பக் கிளம்பறீங்க என்றார். ரொம்ப மரியாதையாக. என் நாற்பத்தெட்டு வருஷத்தில் அவர் என்னை நீங்க என்றதில்லை. வாடா, போடா, சாப்டியாடா, அவ்வளவுதான். திட்டினாலும் டா, பாசம் வந்தாலும் டா. நான் பூபதிங்கப்பா என்றேன், உங்க பையன் என்றேன், இன்னும் நெருங்கிப் போய்க் கையைப் பிடித்தேன். அவர் கையை உருவிக்கொண்டு, மெதுவாக, நாயைக் கண்டு ஓடாமல் நடப்பதுபோல நடந்து குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். மத்தியானம்வரை வரவில்லை. மரகதம் வந்து பேச்சுக் கொடுத்துத்தான் வெளியே கொண்டுவந்தாள். வற்புறுத்தக் கூடாது தம்பி, பயந்துக்குவாரு என்றாள். அவருக்கு பூபதி என்றால் போனில் இருக்கிறவன். இருபத்தி ரெண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் காதுக்குள் வந்து போகிறவன். இப்போது நான் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஹாலில் இருக்கிற அவருக்கு போன் போடுகிறேன். உடனே குரல் மாறிவிடுகிறது. டேய், அங்க மணி என்னடா. விடியக்காலமுங்கப்பா. பனியா. கொட்டுதுங்கப்பா. போர்த்திக்கிட்டுப் படு. இங்கே மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டு பனி கொட்டுகிறது என்கிறேன். பேசி முடித்து ஹாலுக்கு வந்தால் என்னைப் பார்த்து, எம் பையன் பேசினானுங்க என்கிறார், விருந்தாளியிடம் சொல்கிற மாதிரி. அதனால் கூப்பிடவில்லை. எப்படியும் இருட்டுவதற்குள் கதவைத் திறப்பார், துணி எடுக்க, குப்பை போட, ஏதாவது ஒன்றுக்கு. அதுவரை தீட்டலாம். கூரான வாயில் வெளிச்சம் நிற்காது என்கிறார் தாடிக்காரர், விளக்குக்கு நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியக் கூடாது, தெரிகிற இடம்தான் மழுங்கல். வானத்துக்கு நேராகப் பிடித்தேன். மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று, மூலையில்.

டிக். டிக் டிக். இது என்ன என்று கை நின்றது. லைட்டர். பிறகு புஸ் என்று அடுப்பு பிடிக்கிற சத்தம், அதை யாரும் தவறவிட முடியாது. ரெகுலேட்டரை மூடினேனா. மூடவில்லை. மரகதம் இன்று இல்லை, பொள்ளாச்சியில் அண்ணன் மகளுக்குச் சீர் என்று போயிருக்கிறாள், நேற்று போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அடுப்பு வேலை முடிஞ்சா சிலிண்டரை மூடிருங்க தம்பி, அது ஒண்ணுதான், மத்ததெல்லாம் நீங்க பாத்துக்குவீங்க என்றாள். அந்த ஒன்றுதான். டீ போட்டு டம்ளரோடு இங்கே வந்துவிட்டேன், கல் ஊறிக்கொண்டிருந்தது, மனசெல்லாம் கல்லில். டம்ளர் இதோ, அடியில் எறும்பு. வாளியைக் கவிழ்த்து ஏறி நின்றேன். கதவுக்கு மேலே கண்ணாடிப் பட்டை வைத்த வென்டிலேட்டர், அதற்குள் கம்பி, அதற்குள் கொசுவலை, இத்தனைக்கும் அப்பால் சமையலறை, சாயம் போன படம் மாதிரி. அப்பாவின் வழுக்கை தெரிந்தது. பால் பாத்திரத்தை அடுப்பின்மேல் வைத்து, அதன் காதை இப்படியும் அப்படியும் திருப்பி நடுவில் நிறுத்துகிறார். மின்வாரியத்தில் சப்ஸ்டேஷன் சப்ஸ்டேஷனாக முப்பது வருஷம் பார்த்த மனுஷன், எதையும் நடுவில்தான் வைப்பார். கீழே நீலம். பிறகு லைட்டரை ஆணியில் மாட்டினார், கையைத் துடைத்தார், போய்விட்டார். ஹாலில் டிவி. விளம்பரப் பாட்டு. அவர் போனதும் பால் மட்டும் நின்றது. பால் பொங்கும், பொங்கினால் நெருப்பு அணையும், அணைந்தாலும் கேஸ் நிற்காது, அது வந்துகொண்டே இருக்கும், கொசுவுக்காக ஜன்னலெல்லாம் சாத்தியாயிற்று, பிறகு அப்பா காபி நினைவு வந்து உள்ளே வருவார், அடுப்பு எரியவில்லையே என்று ஆணியிலிருந்து லைட்டரை எடுப்பார். நடுவில் நிறுத்துவார். கனடாவில் ஒரு தடவை குப்பையைப் போட வெளியே வந்து கதவு தானாகப் பூட்டிக்கொண்டு பனியில் செருப்பில்லாமல் நின்றிருக்கிறேன், பக்கத்து வீட்டு மணியை அடித்தேன், அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இங்கே யார் மணியை அடிக்க. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்து, ஏனுங்க என்று ஒரு சத்தம் போட்டேன். கிடங்குக் கூரையிலிருந்து புறாக்கள் எழும்பின. அவ்வளவுதான்.

கதவைத் தட்டினேன். முதலில் மெதுவாக, அப்புறம் உள்ளங்கையால். டிவி சத்தம் குறைந்தது. செருப்பு இழுபடுகிற ஓசை வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. மூச்சுகூடக் கேட்டது, அத்தனை பக்கம்.

"யாருங்க அது?"

"நாந்தானுங்கப்பா. பூபதி."

"பூபதி கனடாவுல இருக்கானுங்க."

வந்துவிட்டேன் என்றேன், மார்கழியிலேயே வந்துவிட்டேன், தினமும் உங்களோடுதான் சாப்பிடுகிறேன் என்றேன். கேட்டுக்கொண்டார். வந்திருந்தால் போன் செய்திருப்பான், போன் செய்யாமல் அவன் எதுவும் செய்ய மாட்டான் என்றார். நியாயம்தான். குரலைப் போன் குரலாக்கிப் பார்த்தேன், ஹலோ அப்பா, சாப்டீங்களா, இங்கே பனி கொட்டுதுங்க என்று கதவிடம் சொன்னேன், உளியைக் கையில் வைத்துக்கொண்டு, பகலெல்லாம் காய்ந்த துணிகளுக்கு நடுவே. காதைக் கதவில் வைத்துக்கொண்டேன், வருகிறது, வருகிறது என்று. பிறகு அவர், பால்கனியில் ஏதுங்க பனி என்றார். இன்ஜினியர். கதவு எது, போன் எது என்று அந்த மூளைக்கு இன்னும் தெரிகிறது, பையன் எது என்பதுதான் தெரியவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது, அதை மட்டும் அணைத்துவிடுங்கள், கதவைத் திறக்க வேண்டாம் என்றேன்.

"எங்க வீட்டு அடுப்புல என்ன இருக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாட்ச்மேனைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கூப்பிடுங்க என்றேன். அது அவரைக் குழப்பிவிட்டது. திருடன் இப்படிச் சொல்ல மாட்டானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. செருப்பு இழுபட்டுக்கொண்டே போயிற்று. டிவி சத்தம் கூடியது. வாளிமேல் ஏறினேன். பால் விளிம்புக்கு வந்து ஒரு கணம் யோசித்த மாதிரி நின்றது, பிறகு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வழிந்தது. சுர் என்றது. நீலம் இல்லை. தீய்ந்த பால் வாசனை முதலில் வந்தது, அதன் பின்னாலேயே மற்றது, முட்டை அழுகின மாதிரி, கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கு வழியாக மெல்லிசாக.

தாழ்ப்பாள் கதவின் மேல் பக்கம், என் நெற்றி உயரத்தில், அந்தப் பக்கம். நடுவே ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகையில் செதுக்கு உளியை வைக்கவே வைக்காதீர்கள் என்கிறார் தாடிக்காரர், பலகை ஒன்றும் செய்யாது, நடுவில் இருக்கிற பசை கல் மாதிரி, ஒரே வெட்டில் உங்கள் வாரக்கணக்கான வேலை போய்விடும். போகட்டும். சுத்தியல் இல்லை, மரத்துண்டுதான் சுத்தியல், கரண்டிக் கோடு போட்ட பக்கம் கைக்குள் வந்தது. வைத்து அடித்தேன். உள்ளே போயிற்று. நான் எதிர்பார்க்கவில்லை, இப்படி ஒரு போக்கு, வெண்ணெயில் போகிற மாதிரி, சத்தமே சின்னதாக, சிராய் ஒன்று சுருண்டு வந்து மணிக்கட்டில் விழுந்தது, வெட்டின இடம் பளபளவென்று கண்ணாடியாக இருந்தது. இதுதானா. இத்தனை மாதம் கையில் இருந்தது இதுதானா. மூக்கில் கேஸ், உள்ளே அப்பா, ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. அதை வெட்கத்தோடு கவனித்துக்கொண்டே அடுத்த வெட்டு வைத்தேன். பசை வந்தது. கர்ரென்று கை கூசியது. அடித்தேன், திருப்பி வைத்து அடித்தேன். ஒரு விரல் ஆழம்கூட ஆகவில்லை. இந்த வேகத்தில் போனால் எப்போது துளை விழும், எப்போது கையை விட்டுத் தாழை நகர்த்துவது, அதற்குள் காபி நினைவு வந்துவிட்டால். வந்துவிட்டது. செருப்பு சமையலறைக்குள் வந்தது. ஆணியில் லைட்டர் உரசுகிற சத்தம். நான் அடிப்பதை நிறுத்தவில்லை, நிறுத்த முடியவில்லை, அப்பா என்று கத்தவும் பயம், கத்தினால் மிரண்டு என்ன செய்வாரோ, அடித்தேன், அடித்தேன், அதுதான் கைக்குத் தெரிந்தது. செருப்பு நின்றது. கதவுப் பக்கம் திரும்பியது.

"ஆசாரிங்களா?"

கதவு வேலைக்கா வந்திருக்கீங்க என்றார் அப்பா, இந்தக் கதவு மழைக்கு உப்பிக்கிட்டு இழுக்குதுன்னு அசோசியேஷன்ல சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன், இப்பத்தான் ஆள் அனுப்பறானுகளா என்றார். என் அப்பாவின் குரல், ஆபீஸ் குரல், லைன்மேன்களிடம் பேசுகிற குரல், சின்ன வயதில் மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போது தூரத்திலிருந்தே கேட்குமே, அது.

"ஆமாங்க சார்," என்றேன். "கதவு வேலைக்குத்தானுங்க. கொஞ்சம் தாழைத் திறந்து விடுங்க, அந்தப் பக்கமும் பாக்கணும்."

தாழ் பக்கவாட்டில் திரும்பியது. இறங்கியது. கதவு திறந்ததும் அப்பா நின்றார், கையில் லைட்டர், கட்டைவிரல் அதன்மேல் தயாராக. பால் பொங்கி அணைஞ்சுபோச்சுங்க, பத்த வைக்கலாம்னு வந்தேன், உங்க சத்தம் கேட்டுது என்றார். குடுங்க சார், நான் பாக்கறேன் என்று கையை நீட்டினேன். கொடுத்துவிட்டார், ஒரு கேள்வியும் இல்லாமல். பையனுக்குக் கொடுத்திருப்பாரா தெரியாது. அடுப்பை அணைத்து, குனிந்து ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்தேன், முன்பக்க ஜன்னலையும் திறந்தேன். லைட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கொசு வருமேங்க என்றார். கொஞ்ச நேரமுங்க சார், வாசனை போகட்டும் என்றேன். சரி என்றார். ஆசாரி சொன்னால் சரி. அவர் கதவின் வெளிப்பக்கம் போய் நான் வெட்டின இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், சுண்டுவிரலால் அந்த முதல் வெட்டைத் தடவினார். சுத்தமான வெட்டுங்க, உளி நல்ல கூர் என்றார். பள்ளிக்கூடத்தில் நான் கொண்டுவந்த எந்தத் தாளையும் அவர் அப்படித் தடவிப் பார்த்ததில்லை. எம் பையனுக்கு ஒரு ஆணி நேரா அடிக்க வராது என்று சிரித்தார், அவன் சுவத்துல அடிச்சா சுவருதான் அழுவும். கனடாவுல இருக்கானுங்க. இந்த வருஷம் வர்றேன்னு சொல்லியிருக்கான்.

"வருவாருங்க சார்."

அப்பா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம். முன்கையில் மழித்துக் கிடந்த இடத்தில் அவர் பார்வை வந்து நின்றது. அவனை வரச் சொல்லியே போன்ல பேசறதில்லைங்க, என்றார், வந்தா அவனுக்கு இங்க என்ன வேலை இருக்குது. பிறகு வேலை முடிந்த ஆளை அனுப்புகிற மாதிரி முன்னால் நடந்து வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. இல்லைங்கப்பா என்று சொல்லலாம். சொன்னால் அந்தக் குளியலறை, அந்த மெதுவான நடை. ரெகுலேட்டர் மூடியிருக்கிறது, லைட்டர் என்னிடம், நான் வாசலிலேயே இருந்தால் அவர் வெளியே போக வேறு வழியும் இல்லை. மிச்ச வேலைக்கு நாளைக்கு வந்துருவீங்கல்ல என்றார். வர்றேனுங்க சார் என்றேன். எல்லாரும் இப்படித்தான் சொல்லிட்டுப் போறாங்க, என்றார் அப்பா, கோபமில்லாமல், பழகிப்போன ஒரு விஷயத்தைச் சொல்கிற மாதிரி, பாத்துப் போங்க.

கதவைச் சாத்தினார். தாழ் விழுந்தது. நடைவழியில் வெறுங்காலோடு நிற்கிறேன். டியூப்லைட்டுக்கு நேராக உளியைப் பிடித்துப் பார்த்தேன், வாய் முழுக்க வெள்ளைப் புள்ளி, பசை தின்ற இடமெல்லாம் மின்னுகிறது. திரும்பக் கல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மை பூசி, தேய்த்து, பிசிர் வந்து, பிசிர் போய். உள்ளே டிவி ஓடுகிறது. என் போன் சார்ஜில் கிடக்கிறது, என் செருப்பு கதவுக்கு அந்தப் பக்கம், மரகதம் நாளைக் காலையில்தான் வருவாள். படிக்கட்டில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். நான் யாராகப் போனால் இந்தக் கதவு திறக்கும் என்று எனக்குத் தெரியும், அதுதான் உட்காரவும் விடவில்லை. டிவியில் பாட்டு முடிந்து செய்தி வந்தது. ஒரு செய்திக்குள் அவருக்கு ஒரு நாள் போய்விடும். மணியை அழுத்தினேன். செருப்பு இழுபட்டு வந்தது, நின்றது.

"யாருங்க?"

"ஆசாரிங்க சார். நேத்து வர்றேன்னு சொல்லிட்டுப் போனேனே."

தாழ் பக்கவாட்டில் திரும்பி இறங்கியது. கதவை முழுசாகத் திறந்து அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அட, சொன்ன மாதிரியே வந்துட்டீங்களே. உள்ள வாங்க."